இரண்டு குடத்துக்காரி

ஆரணியில் இறங்கிய அன்று எனக்கு இராச் சாப்பாடு கிடைக்கவில்லை. அந்தக் கோபத்திலிருந்துதான் இதைத் தொடங்க முடியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அங்கிருந்து ஏறிய பேருந்து பாதி வழியில், ஒரு நெல்வயல் ஓரமாக, ஒரு பெருமூச்சோடு நின்றுவிட்டது. "பின்னால வண்டி வந்துகினு இருக்குது, எல்லாரையும் அதுல ஏத்தி உட்றேன். யாரும் பேஜார் பண்ணாதீங்க" என்று நடத்துநர் சொல்லிவிட்டு ஒரு புளியமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் நுண்ணோக்கிப் பெட்டியைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வயல்காற்றை வாங்கிக்கொண்டிருந்தேன். ஆரணி வந்து சேர்ந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பேருந்து நிலையத்தில் ஸ்கூட்டியோடு விமலா நின்றிருந்தாள். உயிரியல் ஆசிரியை, நாற்பதைத் தாண்டியவள். ஆசிரியர்களுக்காக நான் இணையத்தில் ஒரு வகுப்பு எடுத்தேன். கிணற்று நீரில் வாழும் நுண்ணிய உயிர்களைப் பற்றியது. வகுப்பு முடிந்ததும் அவளிடமிருந்து ஒரு சின்ன வீடியோ வந்தது. ஈரமான வெள்ளைத் துணியில் ஏதோ ஊர்கிறது. "மேடம், எங்க ஊட்டுக் கெணத்துத் தண்ணிய வடிகட்டும்போது துணியில இது தங்குது. இது இன்னா?" என்று கேட்டிருந்தாள். என் ஊர்க் கிணறுகளில் வருடக்கணக்காகத் தேடியும் நான் காணாத ஒன்று அது. அந்த வீடியோவுக்காகத்தான் கடல் தாண்டி வந்தேன்.

வீட்டில் அவள் கணவர் அப்பாண்டைராஜ் வாசலிலேயே கைகூப்பினார். அரிசி மண்டி வைத்திருப்பவர். சட்டையில் தவிட்டு வாசனை.

"வாங்க மேடம். சாப்ட்டீங்களா?"

"இல்லை" என்றேன், மிகுந்த நம்பிக்கையோடு.

புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்தால் அடுப்பு அணைந்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் உண்ணும்போது கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதாவது வாயில் போய்விடக் கூடாது என்று. "ஓட்டல்ல வாங்கியாந்து தரட்டுமாக்கா? நாங்க தப்பா நெனைக்க மாட்டோம்" என்றாள் விமலா. வரும் வழியில் அடித்த பேருந்து நிலையத்துப் பிரியாணிக் கடையின் வாசனை இன்னும் என் மூக்கைவிட்டுப் போயிருக்கவில்லை. வீண் ரோஷத்தில், "வேண்டாம், எனக்குப் பசியில்லை" என்று சொல்லித் தொலைத்தேன். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பையில் கிடந்த பிஸ்கட்டைச் சத்தம் வராமல் கடித்தேன். பாதிப் பாக்கெட் போயிற்று.

காலையில் தறிச் சத்தத்தில் விழித்தேன். தெருவின் இரு முனைக்குமாக, தறியில் ஏற்றப்போகும் பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்தார்கள். இளஞ்சிவப்பு நூல் வெயிலில் மினுங்கியது. பால்காரர் தம் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அதன் அடியால் போனார். யாரும் அதை ஒரு காட்சியாகப் பார்க்கவில்லை.

இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் தந்தாள். நிலக்கடலையைத்தான் சொல்கிறாள்; எங்கள் ஊரில் கச்சான் என்போம். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு எதுவுமில்லை. "அப்ப மல்லாட்டை மட்டும் எங்கே விளையுது?" என்று கேட்டேன். "அது கெழங்கு இல்லக்கா, காயி" என்று சிரித்தாள். நான் எட்டு இட்லி சாப்பிட்டேன். முதல்நாள் கணக்கும் அதில் அடக்கம்.

பின்கட்டில் கிணறு. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை, அகன்றவை. இது ஒடுக்கமானது, செங்கல் கட்டியது. மழை முடிந்த நேரம், தண்ணீர் மேலேயே நின்றது. விமலா வாளியைத் தண்ணீரில் அறையாமல், பக்கவாட்டில் சாய்த்து, வலிக்குமோ என்பதுபோல இறக்கினாள். குடத்தின் வாயில் இரண்டாக மடித்த பழைய வேட்டித் துணி. நீர் இறங்கியதும் துணியைக் கவனமாகத் திருப்பி, வடிகட்டிய நீராலேயே அதன் உட்புறத்தை ஒரு சொம்புக்குள் அலசினாள்.

அந்தச் சொம்பைப் பார்த்துத்தான் நான் எழுந்து நின்றேன். அதன் அடியில் ஒரு வளையம். வாயில் ஒரு கயிறு, அடி வளையத்தில் ஒரு கயிறு. மேல் கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறக்கி, சொம்பு நீரைத் தொட்டதும் கீழ்க் கயிற்றை இழுத்தாள். சொம்பு தானாகக் கவிழ்ந்து, உள்ளே இருந்ததைத் தண்ணீரோடு தண்ணீராக விட்டது.

"மேலேர்ந்து ஊத்துனா அதுங்களுக்கு அடிபட்டுடும் இல்லக்கா? வடக்க யாத்திரை போனப்ப என் மாமியார் வாங்கியாந்த சொம்பு இது."

குறித்த ஆழத்தில் நீரைப் பிடிக்க, ஏறக்குறைய இதே மாதிரி இரண்டு கயிற்றுக் கருவி ஒன்று எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. அதை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அது எடுப்பதற்கு, இது திருப்பிக் கொடுப்பதற்கு. நான் சிரித்த சிரிப்பில் விமலா கொஞ்சம் மிரண்டுபோனாள்.

பிறகு நான் என் பெருமையைப் பையிலிருந்து எடுத்தேன். என் ஆசிரியர் ஓய்வுபெறும்போது எனக்குத் தந்த வலை. நீரில் மிதக்கும் சிற்றுயிர்களைப் பிடிக்கும் கூம்பு வலை. இப்போது எல்லாம் நைலான், இது அந்தக் காலத்துப் பட்டு. பட்டு நெய்யும் ஊருக்குப் பட்டு வலையோடு போகிறேன் என்று வழியெல்லாம் பூரித்துக்கொண்டு வந்திருந்தேன்.

விமலா தொடப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "பட்டாக்கா? கோவிச்சிக்காதீங்க. அது எங்க கெணத்துல எறங்க வேணாம். புழுவ வேகவச்சி எடுத்த நூலு."

மதிலுக்கு மேலே ஒரு முகம் தெரிந்தது. பக்கத்து வீட்டுத் தேவகி. இரண்டு தறி ஓடும் வீடு. "கேட்டீங்களா? நான் கண்ணாலம் கட்டிகினு இந்தத் தெருவுக்கு வந்ததுலேர்ந்து பாக்கறேன். என்கிட்ட ஒரு பொடவ வாங்கினது இல்ல இந்தம்மா. ஊரு பூரா பட்டு, இவங்களுக்கு மட்டும் நூல் பொடவ!" என்றாள். பிறகு உடனே, "ஆனா விசேசத்துக்கு மொத தட்டு பலகாரம் எங்க ஊட்டுக்குத்தான் வரும்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. வலையை மடித்து உள்ளே வைத்தேன். இந்த வேட்டித் துணியில் எது தங்கும், எது நழுவும் என்று யாருக்குத் தெரியும்? சோதிப்போம் என்று அதன் ஓரத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். புதுத் துணியையும் கேட்டு வாங்கி வைத்தேன். புதியதில் இழைகளுக்கு நடுவே நல்ல இடைவெளி. பழையதில், துவைத்துத் துவைத்து இழைகள் பஞ்சாகி விரிந்து, துளைகள் அடைபட்டிருந்தன. இரண்டு மடிப்பில் என் வலைக்கு அது குறைந்ததல்ல. ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். "அப்படியா? நாங்க புதுத்துணிய வீணாக்க வேணாமேன்னுதான் பழசப் போட்டுகினு இருந்தோம்" என்றாள் அவள்.

துணியில் தங்கியதில் ஒரு துளியைக் கண்ணாடியில் இட்டுப் பார்த்தேன். இருந்தது. அரிசி நொய்யில் பாதிகூட இராது. பால் நிறம், நீண்ட உடல், வரிசையாகக் கால்கள். கண் இல்லை. இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். பூமிக்கடியில் இருட்டில், கல்லிடுக்கில் வாழ்ந்து, ஊற்றோடு கிணற்றுக்கு வருவது. நகர்ந்து இடம் விட்டேன். விமலா குனிந்தாள், வெகுநேரம் நிமிரவில்லை.

"கண்ணே இல்லியேக்கா" என்றாள். "ஏதோ புழுக்குட்டின்னு நெனச்சிகினு தெனம் எடுத்து உட்டுகினு இருந்தேன். இதுங்களுக்கு எங்க போறோம்னுகூடத் தெரியாது."

எங்கள் ஊர்க் கிணறுகளில் இது இல்லாததற்குக் காரணத்தை அவளுக்குச் சொன்னேன். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோதெல்லாம், வெள்ளம் வடிந்தபோதெல்லாம், கிணற்றை இறைத்துவிட்டு வெளுப்புத்தூளைக் கொட்டினோம். நோய்க்குப் பயந்து செய்தது, தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் தாய்வீட்டுக் கிணற்றில் இன்று தண்ணீர் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. நான் பிறக்கும் முன்பே அதில் யார் யார் குடியிருந்தார்கள் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

அன்றே ஒப்பந்தம் போட்டோம். எதையும் சாராயத்தில் போட்டுக் கொல்லக் கூடாது. உயிரோடு பார்க்கலாம், படம் எடுக்கலாம், பொழுது சாய்வதற்குள் திருப்பி விட்டுவிட வேண்டும். "செத்த உடலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்காமல் இது என்ன இனம் என்று சொல்ல முடியாது, பிள்ளை" என்று மன்றாடிப் பார்த்தேன். அவள் யோசித்தாள். "இறால் சாதின்றீங்க. அப்ப சட்ட உரிக்கும் இல்ல? உரிச்ச சட்டைய எடுத்துக்குங்க. அது அதுக்கு வேணாம்." எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது, அவளுக்குத் தோன்றியது.

இன்னொரு விதியும் உண்டு. எந்தக் கிணற்றில் எடுத்தோமோ அதே கிணற்றில்தான் விட வேண்டும். "வேற தண்ணியில உட்டா அது செத்துடும், இல்லன்னா அங்க இருக்கறத சாவடிச்சிடும். ரெண்டுமே பாவம்" என்றாள். ஒரு நீர்நிலையின் உயிரை இன்னொன்றில் கலக்காதே என்று என் மாணவர்களிடம் நான் தொண்டை வரளக் கத்துவதும் இதைத்தான்.

மறுநாள் இருவரும் பக்கத்திலுள்ள சமணர் குன்றான திருமலைக்குப் போனோம். வெளிச்சத்தில் வாழும் உயிர் எப்படி இருக்கும் என்று ஒப்பிட ஒரு பாறைச் சுனை வேண்டியிருந்தது. பேருந்தில் முன்னிருக்கைப் பெண்கள் இருவர் என் பெட்டியைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ ரகசியம் பேசினார்கள். விமலா காதில் மொழிபெயர்த்தாள்: "இதுல பாம்பு இருக்கும்ன்றா ஒருத்தி. இல்ல, ஆர்மோனியம்ன்றா இன்னொருத்தி." இறங்கும்போது பெட்டியைக் கொஞ்சம் ஆட்டிக் காட்டினேன். பாம்புக்காரி வழிவிட்டு எழுந்தே நின்றாள்.

மலையில் தீர்த்தங்கரர் நேமிநாதர் சிலையாக நெடிதுயர்ந்து நின்றார், எதையும் உடுத்தாமல், எதையும் கேட்காமல். விமலா வணங்கி முடிக்கும்வரை நிழலில் இருந்தேன். பிறகு, மேலே ஒரு சுனையில் வேட்டித் துணியால் வடித்தோம். குங்குமத்தூள் போலச் சிவப்பாகச் சில துள்ளின. அன்று மட்டும் விதிவிலக்காக, நாளைக்கே கொண்டுவந்து விடுவது என்ற வாக்குறுதியோடு ஒரு வாயகன்ற கண்ணாடிச் சீசாவில் எடுத்துக்கொண்டோம். சுனைத் தண்ணீரும் ஒரு கேன் நிறைய.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது சீசாவில் ஆறு இருந்தன. இவற்றுக்குக் கண் உண்டு, நெற்றி நடுவே ஒன்றே ஒன்று. நல்ல பசியும் உண்டு. தம்மைவிடச் சிறியதைத் தின்னும் சாதி. ஐந்து சின்னவை. ஒன்று மட்டும் பெரியது, வாலின் இருபுறமும் இரண்டு முட்டைப் பைகளோடு.

"ஐயோ, இவளப் பாருங்களேன்" என்றாள் விமலா, நுண்ணோக்கியை விட்டு எழாமல். "ரெண்டு இடுப்புலயும் குடம் வச்சிகினு போறா."

அன்றிலிருந்து அவள் பெயர் இரண்டு குடத்துக்காரி. ஆறையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். சீசாவின் மேல் வடிகட்டிய துணியைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, தேவகி வீட்டுத் தறியைப் பார்க்கப் போனோம். அவள் பேச்சில் நேரம் போனது தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அப்பாண்டைராஜ் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு நிம்மதி.

"ஏம்மா, இப்பிடியா மறந்துட்டுப் போவாங்க? பொழுது எறங்கிகினு இருக்குது, வடிகட்டின துணியோட அதுங்க அப்பிடியே மேசையில கீதுங்க. நல்லவேள, நான் மண்டியிலேர்ந்து ஜல்தியா வந்தேன். சொம்புல ஊத்தி நிதானமா எறக்கி உட்டுட்டேன்."

விமலா சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் கிணற்றடிக்கு ஓடினேன். கறுத்த தண்ணீர் ஆடாமல் அசையாமல் நின்றது.

வேறெந்த வீட்டிலும் இந்தத் தவறு நடந்திருக்காது. என் ஊரில் என்றால் அழுக்குத் தண்ணீர் என்று செடிக்கு ஊற்றியிருப்பார்கள். இவர் பிறந்ததிலிருந்து செய்துவந்ததைத்தான், அன்பாக, பக்குவமாகச் செய்திருக்கிறார். அவை இந்தக் கிணற்றின் பிள்ளைகள் அல்ல என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். "அப்ப, அந்தக் கண்ணு தெரியாததுங்கள இதுங்க தின்னுடுமா?" என்று கேட்டார்.

"இந்த ஆறும் பெரிதாக எதுவும் செய்துவிடாது. ஆனால் முட்டைகள் பொரிந்தால், குஞ்சுகள் வளர்ந்தால்..." என்று இழுத்தேன். அடுத்த மழைக்குள் இந்தக் கிணறு எந்தக் குளத்தையும் போல ஆகிவிடும். பால்நிறத்துச் சீவன்கள் தாங்கா.

"நான்தான் கொன்னுட்டேனா?"

அவர் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதே என்னோடு வேலைசெய்யும் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "மோட்டார் போட்டு முழுக்க இறைத்து, வெளுப்புத்தூள் போடுவதுதான் வழி" என்றார் அவர். தெரிந்த வழிதான். அதை விமலாவிடம் சொன்னபோது என் நாக்கு கூசியது.

"எறைச்சிட்டா நம்ம வெள்ளைங்க எங்கக்கா போவும்?" என்றாள். பிறகு, "செவப்புங்களும் பாவந்தானே. அதுங்களாவா வந்துச்சு?"

சனிக்கிழமை காலை எனக்குச் சென்னைக்குப் பேருந்து. இடையில் புதன், வியாழன், வெள்ளி. ஆறையும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருப்பிக் கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று. அறிவியல்படி இது நடக்கிற காரியமா என்று என்னைக் கேட்டிருந்தால், இல்லை என்றிருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

புதன் காலை முழுக்க அப்பாண்டைராஜ் இறைத்தார். மண்டியைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டார். குடம் குடமாக வடித்து, துணியை நான் பார்த்து, வெள்ளைகளை வளையச் சொம்பில் கீழே அனுப்பிக்கொண்டிருந்தோம். சிவப்பு ஒன்றுகூட வரவில்லை. அவர் உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

உச்சிவேளையில்தான் எனக்குப் புத்தி வந்தது. அவை சுனையில் வெயிலைப் பார்த்துப் பிறந்தவை; கண்ணுள்ளவை. இருட்டில் வெளிச்சத்தைக் காட்டினால் வரக்கூடும். கண்ணில்லாதவற்றுக்கு அந்த ஆசை இராது. "பெரிய கண்ணாடி ஒன்று கிடைக்குமா?" என்று கேட்டேன்.

மதிலுக்கு மேலே மறுபடியும் தேவகி. "பொடவ பாக்க வர்றவங்களுக்குக் காட்ற ஆளுயரக் கண்ணாடி இருக்குது. ஆனா ஒடச்சீங்கன்னா ரெண்டு பொடவ எடுத்துக்கணும், பட்டுப் பொடவ, ஆமா!" அவள் தறியிலிருந்து கால் வலிக்க எழுந்து வந்து, கண்ணாடியைத் தானே தூக்கிக் கொடுத்தாள்.

முற்றத்து வெயிலை வாங்கிக் கிணற்றுக்குள் சாய்த்தோம். தண்ணீரின் ஒரு மூலையில் மட்டும் பாய் விரித்தாற்போல வெளிச்சம். கொஞ்சநேரம் காத்திருந்தோம். பிறகு, வளையச் சொம்பைக் கவிழ்த்தே இறக்கி, வெளிச்சத்துக்கு நடுவில் மெதுவாக நிமிர்த்தி மொண்டாள் விமலா. நூறு தடவை கொடுத்த சொம்பு இப்போது எடுத்தது. துணியில் இரண்டு குங்குமப் புள்ளிகள் துடித்தன. தேவகி மதிலில் தட்டிக் கூவினாள்.

வியாழக்கிழமை இன்னும் இரண்டு. விமலா அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கு விடுப்புப் போட்டிருந்தாள். அன்று துணியை அலசும்போது, "அக்கா! சட்ட! சட்ட உரிச்சிருக்குது!" என்று கத்தினாள். கண்ணாடித்தாள் போல, கால்களின் உறைகள் முதற்கொண்டு முழுசாக ஒரு வெள்ளைச் சட்டை. இன்னும் நாலைந்து கிடைத்தால் இதன் இனத்தைச் சொல்லிவிடலாம். மற்ற வேளையாக இருந்தால் தெருவில் இறங்கி ஆடியிருப்பேன். அன்று அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் கண்ணாடியைத் திருப்பினேன். இரண்டு குடத்துக்காரி இன்னும் உள்ளே இருந்தாள்.

இந்த மூன்று நாளும் அப்பாண்டைராஜ் எங்களோடு பேசியதைவிடக் கிணற்றோடு பேசியதுதான் அதிகம். "வாம்மா, மேல வா. உன்ன உன் ஊட்டுல உட்டுட்டு வர்றேன்" என்று குனிந்து சொல்லிக்கொண்டிருப்பார். வேறு யாராவது சொல்லியிருந்தால் கேலி செய்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை வெயில் சரியாக இல்லை. மேகம். மதியம் போனது, ஒன்றும் வரவில்லை. மூன்று மணிக்கு மேல் மேகம் கொஞ்சம் விலகி, சாய்ந்த வெயில் கண்ணாடியில் விழுந்தது. விமலா சொம்பை இறக்கினாள். துணியை விரித்தபோது எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை.

"அதோ" என்றார் அப்பாண்டைராஜ்.

மடிப்பின் ஓரத்தில் ஒரு சிவப்பு. கண்ணாடித் தட்டில் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். இரண்டு பையும் நிறைந்தபடி இருந்தன. ஒன்றும் பொரியவில்லை. நான் நிமிர்ந்து தலையாட்டினேன். விமலா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அவர் மட்டும் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து குனிந்து குடத்துக்காரியை முதன்முறையாகப் பார்த்தார். "ஆமா. ரெண்டு கொடம்" என்றார்.

ஒன்று மட்டும் கிடைக்கவேயில்லை. படத்தைப் பெரிதாக்கி வைத்து ஒப்பிட்டதில் அது ஆண் என்று தெரிந்தது. ஒண்டிக்கட்டை, குடும்பம் பெருக வழியில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். "பாவம், பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்ல" என்றாள் விமலா.

முட்டை எந்த நேரத்திலும் பொரியலாம். சுனைத் தண்ணீர் நிரப்பிய தூக்குச்சட்டியில் ஐந்தையும் விட்டு, மூடியில் துணி கட்டி, அப்பாண்டைராஜ் ஸ்கூட்டியின் முன்னால் மாட்டிக்கொண்டார். "பொழுது எறங்கறதுக்குள்ள வந்துருவேன்" என்று கிளம்பினார்.

விமலா சமைத்தாள். நான் மறுநாள் காலையே போகிறவள் என்று அவரைக்காய்ப் பொரியல், மோர்க்குழம்பு, பாயசம் எல்லாம் செய்தாள். சமையலறை ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, எதிர்வீட்டு மாடித் தொட்டிக்கு ஏறியது. எனக்கு இலை போட்டாள்.

"நீங்க சாப்டுங்கக்கா. இன்னும் பொழுது இருக்குது."

"அவர் வரட்டும்."

"லேட்டாயிட்டா உங்களுக்குச் சோறு இல்லாம போயிடும்."

"ஓம், தெரியும்" என்றேன்.

வாசலில் போய் நின்றோம். தெருவில் பாவு அவிழ்த்துவிட்டிருந்தார்கள். தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. தொட்டியின் மேலிருந்த வெயில் போய்விட்டது. விமலா உள்ளே போய்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக மூடும் சத்தம் கேட்டது.

நன்றாக இருட்டிய பிறகு அவர் வந்தார், ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு. திரும்பும் வழியில் பஞ்சர்; கடை எதுவும் இல்லை. சட்டை முழுக்க வியர்வை. வெறும் தூக்கை விமலாவிடம் நீட்டினார்.

"உட்டுட்டியா?" என்று கேட்டாள் அவள். என் முன்னால் அவரை அவள் ஒருமையில் பேசியது அன்றுதான்.

"சொம்ப எடுத்துகினு போவல இல்ல, அதனால தூக்கோட நானே தண்ணியில எறங்கி உட்டேன். ரெண்டு கொடமும் ததும்பல. நேரா போயிட்டா."

பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டு, மூடியிருந்த பாத்திரங்களையும், போட்டபடி இருந்த என் இலையையும் கண்டார். "மேடம், நீங்களாவது சாப்ட்டிருக்கலாமே" என்றார்.

"எனக்குப் பசியில்லை" என்றேன். வந்த அன்று சொன்ன அதே பொய். ஆனால் இந்தத் தடவை அதில் ரோஷம் இல்லை. மூவரும் ஆளுக்கொரு தம்ளர் வடிகட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தோம். கைப்பையில் மீதிப் பாதிப் பாக்கெட் பிஸ்கட் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை.